எதிர்வீட்டுக்குச் சாய்ந்த தண்ணீர்

பெருவெள்ளம் வடிந்த மறு வருஷத்திலிருந்து, கரமனை ஆற்றங்கரையில் எங்கள் தெருவில் எந்தப் பாத்திரத்திலும் தண்ணீர் மட்டமாக நிற்பதில்லை. குடத்திலும் அண்டாவிலும் பூஜைப் பஞ்சபாத்திரத்திலும் ஒரு பக்கம் விரற்கடை ஏறி, மறுபக்கம் இறங்கி, சாய்ந்தே நின்றது. பாத்திரத்தைத் திருப்பி வைத்தாலும் தண்ணீர் தன் பக்கத்தை விடவில்லை. இலையில் ரசம் அந்தப் பக்கமாகவே ஓடியது. அம்மா அதற்கேற்றபடி சாதத்தில் அணை கட்டப் பழகிக்கொண்டாள். அழுதால் கண்ணீர் கன்னத்தில் இறங்காமல் மூக்கைத் தாண்டிக் குறுக்கே போயிற்று. முதல் வாரம் எல்லோரும் பயந்தார்கள். அடுத்த வாரம் அரிசி விலை ஏறியது. அதைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது.

அந்த வெள்ளம் கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பது, கர்க்கடக மாத மழையில் வந்தது. கடைசி வீட்டு ராஜமணி முதல் நாள் சாயங்காலமே ஆற்றின் நிறத்தைப் பார்த்துவிட்டு வீடு வீடாகப் போய், "பொழை ஏறப் போறது, மேட்டுக்குப் போயிடுங்கோ" என்று சொன்னார். ஒவ்வொரு வீட்டிலும் அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினார்கள். சொன்னது நல்ல யோசனைதான், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு உதவும் என்று நினைத்தார்கள். விடிவதற்குள் தண்ணீர் ஜன்னல் உயரம் நின்றது. ராஜமணியும் அவருடைய பசுவும் திரும்பக் கிடைக்கவில்லை. அதன் பிறகு தெருவில் யாரும் யாருக்கும் எதையும் வாய்விட்டு எச்சரிக்கவில்லை. தண்ணீர்தான் சாயத் தொடங்கியது.

தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்திலுள்ள வீட்டுக்குத்தான் அடுத்த வெள்ளம் என்று யார் முதலில் சொன்னது என்று தெரியாது, ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டில் அது எதிர்வீட்டுப் பக்கம் சாய்ந்தது. அங்கே நாகேஸ்வரன் மாமாவும் வாலாம்பாள் மாமியும் இருந்தார்கள். கணக்காபீஸில் குமாஸ்தாவாக இருந்த என் அப்பா வெங்கடகிருஷ்ணன், அண்டாவைப் பார்க்கும்போதெல்லாம் "பாவம், நல்ல மனுஷா" என்று பெருமூச்சு விடுவார். அவர்களுக்காக எங்கள் பரணில் ஒரு டின் அவலும் நீளக் கயிறும் எடுத்து வைத்தார். எதிர்வீட்டு மாமியும் எங்களைக் கண்டால் கண் கலங்கினாள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. ஒரு நாள் சர்க்கார் ஓவர்சியர் ஒருவர் மட்டக்கோலோடு வந்தார். ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிப் பார்த்துவிட்டு, மழைக்கு முன்னால் தெருவையே காலி பண்ணுவது நல்லது என்றார். இரண்டு வரிசைக்காரர்களும் அவருக்கு நன்றி சொன்னார்கள். எதிர் வரிசையில் கட்டாயம் சொல்லிவிடுகிறோம் என்று வாக்கும் கொடுத்தார்கள்.

என் அண்ணா ஸ்ரீகண்டனுக்குக் கொல்லத்தில் வேலை. மன்னி லலிதாம்பாள் எங்களோடு இருந்தாள், நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தாயில்லை. தகப்பனார் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதினார். அட்டையும் குளிருமாக இருக்கும் அந்த மலையில் பிரசவம் பார்க்க ஆள் இல்லை என்று இங்கேயே வைத்துக்கொண்டோம். அவள் வயிறும் எதிர்வீட்டுப் பக்கமே சாய்ந்திருந்தது. படுத்தாலும், புரண்டாலும் அப்படித்தான். நான் அவள் பக்கத்தில் படுத்துக் கையை வைத்துப் பார்ப்பேன். உள்ளே குழந்தை சுவரைப் பார்த்து ஒட்டிக்கொண்டு எதையோ கேட்பது போலிருக்கும். மன்னி என் கையை எடுத்து இன்னும் அழுத்தி வைப்பாள்.

மழை தொடங்கும் இடவ மாதம் பிறந்ததும் வாலாம்பாள் மாமி மன்னிக்குப் பூச்சூட்டலுக்கு அழைத்தாள். நான் கையைப் பிடித்துத் தெருவைக் கடந்து கூட்டிப்போனேன். மன்னி மாமி வீட்டு மணையில் உட்கார்ந்ததும் கவனித்தேன். மன்னியின் வயிறு எங்கள் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது. மாமியின் குடங்களும் அப்படியே. மாமி மன்னியின் தலையில் பூ வைத்துக்கொண்டே மூக்கைச் சிந்தினாள். நடையில் பார்த்தேன், எங்களுக்காகப் பரணில் ஒரு கயிறும் அவலும் வைத்திருந்தார்கள். திரும்பும்போது நடுத்தெருவில் மன்னி மூச்சு வாங்க நின்றாள். அங்கே, யார் வீடும் இல்லாத இடத்தில், வயிறு எந்த வீட்டையும் பார்க்கவில்லை. நேராக ஆற்றைப் பார்த்து நின்றது. தெரு முழுவதையும் தாண்டி, குளிக்கிற கடவுப் படிகளைப் பார்த்து நின்றது.

அப்பாவிடம் சொன்னேன். "எதிராத்துல நின்னா நம்மாத்துப் பக்கம் சாயறது அப்பா. நடுத்தெருவுல பொழையைப் பாத்து நிக்கறது. எல்லாருக்கும்தான் வரப்போறது."

"போடி. நடக்கறச்சே தளும்பியிருக்கும். வெறுதே பேடிச்சு நடுங்காதே, சாவித்ரி. எனக்கு நாகேஸ்வரனை நெனச்சாத்தான் தூக்கம் வரல்லே."

மாமியிடம் சொன்னேன். "சிவ சிவா, எங்காத்துக்கா?" என்று சிரித்தே விட்டாள். "தெனம் பாத்துண்டுதானே இருக்கேன் கொழந்தே. உங்காத்தை நெனச்சாத்தான் எனக்குச் சாதம் எறங்கல்லே. பிள்ளைத்தாச்சிப் பொண்ணு வேற."

மழை தொடங்கியது. ஆறு ராஜமணி பார்த்த நிறத்துக்கு வந்தது. அப்பா ஜன்னலில் நின்று, "அவா மட்டும் மேட்டுக்குப் போக ஒத்துண்டா நானே சுமந்துண்டு போய் விடுவேன்" என்றார். எனக்கு அப்போதுதான் வழி தெரிந்தது.

"அவா தனியாப் போகப் பேடிக்கறா, அப்பா. நாம துணைக்கு வந்தாப் போவாளாம்."

"ஆணோ? நெஜம்மாவா? இதை நேரத்தே சொல்லப்படாதோ! மன்னியைக் கெளம்பச் சொல்லு."

தெருவைக் கடந்து ஓடினேன். "மாமா, அப்பா தனியாக் கெளம்ப மாட்டேங்கறார். நீங்க கூட வந்தா மன்னியைக் கூட்டிண்டு வருவார்."

"தெரியுமே! மகா பிடிவாதக்காரன் உங்கப்பன். மேட்டுல நல்ல காப்பி கெடைக்காதுன்னு பயந்திருப்பான்" என்று மாமா செருப்பைத் தேடினார். பிறகு எல்லா வீட்டுக் கதவையும் தட்டினேன். இந்த வரிசையில் அந்த வரிசையைப் பற்றியும், அந்த வரிசையில் இந்த வரிசையைப் பற்றியும் சொன்னேன். மோர் கொடுத்து அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. வண்டிக்காரன் ஞானையன் தன் ஆட்களோடு மாடுகளைப் பூட்டினான். அப்பாவும் மாமாவும் மழையில் நின்று சண்டை போட்டார்கள்.

"நீர் ஏறும் ஓய். உம்மைக் கொண்டு விடத்தானே நான் வரேன்."

"என்னையா? நன்னாருக்கே! உம்மைக் கொண்டு விடத்தான் நான் வரேன்."

"ரெண்டு சாமியும் ஏறுங்க. மாடு நனையுது" என்றான் ஞானையன்.

மேட்டிலிருந்த சத்திரத்தில் தங்கினோம். ஆறு தெருவுக்குள் வந்த சமயம் மன்னிக்கு வலி கண்டது. வாலாம்பாள் மாமிதான் பிரசவம் பார்த்தாள். பெண் குழந்தை. விடிந்ததும் எல்லோரும் சத்திரத்துச் சரிவில் வந்து நின்று கீழே பார்த்தார்கள். மழை விட்டிருந்தது. தெரு இருந்த இடத்தில் ஆறு சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கூரை முகடுகள் மட்டும் தெரிந்தன. எங்கள் கூரையின் ஒரு மூலை பிரிந்து, மெதுவாகச் சுற்றிக்கொண்டே போனதை நான் பார்த்தேன். அப்பாவும் அதே திசையில்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போச்சே ஓய்" என்று அவர் மாமாவின் தோளைப் பிடித்தார். "உம்ம ஆம் முழுக்கப் போச்சே. நம்மாத்துல எடம் இருக்கு, விசாரப்படாதேயும்."

மாமா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உமக்கு எப்படிச் சொல்றதுன்னு நானே யோசிச்சுண்டிருந்தேன்" என்றார். "எங்காத்துலயே இருங்கோ. கொழந்தையும் கையுமா எங்கே போவேள்?"

சரிவு நெடுகிலும் இப்படியே ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு தேற்றிக்கொண்டிருந்தார்கள். யாரும் தங்கள் வீட்டுக்காக அழவில்லை. உங்கள் வீடும்தான் போச்சு என்று கத்தினால் அவர்கள் திரும்பி என்னை எந்தக் கண்ணால் பார்ப்பார்களோ என்று, சத்திரத்துக்குள் போய் மன்னியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

தண்ணீர் வடிந்ததும் திரும்பினோம். அப்பாவும் அம்மாவும் நேரே எதிர்வீட்டுக்குப் போய்ச் சேறு வாரினார்கள். மாமாவும் மாமியும் எங்கள் வீட்டுக்கு வந்து கூரைக்கு மூங்கில் வைத்துக் கட்டினார்கள். தெரு முழுக்க அப்படித்தான் நடந்தது. ஆவணிக்குள் எல்லா வீடும் சுத்தமாகிவிட்டது, முன்பைவிட நன்றாகவே. அப்பா தன் வீட்டுக்குள் நுழைந்தபோது மூங்கில் எப்படி வந்தது என்று கேட்கவில்லை. சுவரில் ஏன் இவ்வளவு ஈரம் என்று அம்மா கேட்டதற்கு, எதிர்வீட்டிலிருந்து அடிக்கிற ஓதம் என்றார்.

இதை நான் யாரிடமும் பேசியதில்லை. அடுத்த இடவம் பிறப்பதற்கு முன்னால், மேகம் கட்டியிருந்த ஒரு மத்தியானம், மன்னி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். அப்பா ஊஞ்சலில் தூங்குகிறாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"இந்த வருஷம் நாம யாரைக் கொண்டு விடப் போறோம்டீ?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நாகேஸ்வர மாமாவை" என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு, குழந்தையின் துணிகளை மடித்துப் பெட்டியில் வைக்கப் போனாள்.