குழாயில் வந்த பேர்

யூனிவர்சிட்டி ரேடியோ என்று பேர் வைத்தாகிவிட்டது. மற்றபடி ஒன்றும் இல்லை. ரேடியோவும் இல்லை, அதற்கு அனுமதியும் இல்லை. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று நாற்பத்திரண்டாம் வருஷம் கோடையில் பட்டணமே மூட்டை கட்டியது அல்லவா? அப்போது பட்டணத்துக் கல்லூரி ஒன்றும் பெஞ்சும் கரும்பலகையுமாக ரயிலேறித் திருத்தணிக்கு வந்து, மலையடிவாரத்தில் இரண்டு சத்திரங்களில் குடியேறியது. அந்தக் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவர் பக்தவச்சலம். சும்மா இருக்கத் தெரியாத மனுஷர். பட்டணத்தில் இருந்தபோதே ரேடியோ நிலையம் தொடங்குகிறேன் என்று பிரின்சிபாலின் பிராணனை வாங்கியவர், இங்கே வந்தும் விடவில்லை.

யுத்த காலத்தில் ஆகாயத்தில் பேசுவதற்குச் சர்க்கார் விடுமா? விட மாட்டோம் என்று பதில் வந்தது. ஆகாயத்தில்தானே கூடாது, கம்பியில் பேசலாமே என்றார் பக்தவச்சலம். சத்திரத்தின் பின்னறையில் மைக்கும் ஆம்ப்ளிஃபயரும். அங்கிருந்து கம்பி இழுத்து, மலையடியில் ஒன்று, கடைத்தெருவில் ஒன்று, நெசவாளர் தெருவில் ஒன்று என்று பெரிய ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டிவிட்டால், பின்னறையில் பேசுவது ஊருக்கெல்லாம் கேட்கும். இதற்குப் பேர் ரேடியோவா என்று பிரின்சிபால் கேட்டாராம். கேட்கிறவனுக்கு ரேடியோதானே என்று இவர் சொன்னாராம்.

சத்திரத்துக்கு எதிரே இருந்த பெண்கள் ஆரம்பப் பள்ளியில் கௌரியம்மாள் டீச்சர். இருபத்தைந்து வயது, நெசவுக் குடும்பத்து மருமகள். அங்கே நடந்த கூத்தெல்லாம் அவளுக்கு வகுப்பறை ஜன்னல் வழியே தெரிந்தது. முதலில் கம்பியை மரங்கள் மேல் கட்டினார்கள். மலைக்குரங்குகளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கம்பியின் மேல் சுற்றியிருந்த துணியை உரித்துப் பார்த்தன, கடித்துப் பார்த்தன, கடைசியில் ஊஞ்சல் ஆடின. பி.ஏ. படிக்க வந்த பிள்ளைகள் கையில் கம்போடு குரங்கு விரட்டுவதைப் பார்த்துக் கடைத்தெரு ஒரு வாரம் சிரித்தது. டீச்சரும் சிரித்தாள். அவள் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது.

சரி, மரம் வேண்டாம் என்று நெசவாளர் தெருவில் வீட்டுக்கு வீடு வாசலோரம் மூங்கில் நட்டுக் கம்பியைக் கொண்டுபோனார்கள். மறுநாள் சாயங்காலம் குழாயில் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால், தெரு நெடுக அந்தக் கம்பியில் சாயம் முக்கின நூல் சிட்டங்கள் சொட்டச் சொட்டத் தொங்குகின்றன. கம்பி என்று ஒன்று இழுத்திருந்தால் அது நூல் காயப்போடத்தான் என்பது அந்தத் தெருவின் தீர்மானம். பாரம் தாங்காமல் மூன்று இடத்தில் அறுந்தும் போயிருந்தது. முதல் சிட்டத்தைப் போட்டவள் கௌரியம்மாளின் மாமியார் கன்னியம்மாள். பக்தவச்சலம் போய் முறையிட்டதற்கு, “காலிக் கம்பிய என்னாத்துக்குக் கட்டி வெச்சிகினு கீறீங்க?” என்று அவரையே திருப்பிக் கேட்டாள். கடைசியில் அதே மூங்கில்களில், கீழே தனியாக ஒரு கயிறு கட்டிக்கொடுத்த பிறகுதான் மேல் கம்பிக்கு விடுதலை கிடைத்தது.

பேட்டரிகள் இரண்டு நாளுக்கு ஒருமுறை உயிரை விட்டன. ரைஸ் மில் ஆறுமுகம் தன் இன்ஜினில் சார்ஜ் ஏற்றித் தருவதற்கு ஒப்புக்கொண்டார். பணம் காசு எதுவும் வேண்டாம் என்று பெரிய மனசு பண்ணினார். தினமும் குழாயில் தன் பேரைச் சொன்னால் போதுமாம். ‘மில் ஓனர் ஆறுமுகம் அவர்கள் உபயம்’ என்று ஒரு நாள் சொல்ல மறந்தார்கள். அடுத்த தடவை பேட்டரி பாதி சார்ஜோடுதான் வந்தது.

இத்தனைக்கும் பிறகு நிலையம் வாயைத் திறந்தபோது, யாரும் காது கொடுக்கவில்லை. இளங்கோவன் என்ற பட்டணத்து மாணவன்தான் பேசினான். கெட்டிக்காரப் பையன், ஆனால் அவன் பேச்சு மேடைப் பேச்சு. காலரா ஊசி போட வாருங்கள் என்று அவன் முழங்கியதை நாடக விளம்பரம் என்று நினைத்து, நாடகம் எங்கே என்று கேட்டுக்கொண்டு பத்துப் பேர் சத்திரத்துக்கு வந்தார்கள். ஊசிக்கு ஒருவரும் போகவில்லை. கடைத்தெருவில் பாதிப் பேர் தெலுங்குக்காரர்கள், அவர்களுக்கு ஒரு வார்த்தை ஏறவில்லை. பொங்கலுக்குள் இது நாலு பேருக்குப் பிரயோஜனப்படாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள் என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் பக்தவச்சலத்தின் காதில் எதிர்ப் பள்ளிக்கூடத்துக் குரல் விழுந்தது. தமிழும் தெலுங்குமாகக் கலந்து அறுபது பெண்களை ஒரே குரலில் அடக்கி உட்காரவைக்கிறாள் ஒருத்தி. கத்தவும் இல்லை. இதை விட்டுவிட்டு எங்கெங்கோ தேடினோமே என்று தலையில் அடித்துக்கொண்டு ஓடினார்.

வீட்டில் கேட்க வேண்டும் என்று சொல்லித் தட்டிக்கழிக்கத்தான் பார்த்தாள் கௌரியம்மாள். மரியாதைக்காகப் பின்னறையை எட்டிப் பார்த்தவளின் கண்ணில் மேஜை மேலிருந்த ரேடியோ பெட்டி பட்டது. தூரதேசத்து நிலையங்களையெல்லாம் பிடிக்கிற பெரிய பெட்டி. ஊரிலேயே அப்படி ஒன்று அதுதான்.

“இதுல மலேயா சேதி வருங்களா, சார்?”

வரும் என்றார் பக்தவச்சலம். வடக்கே ஒரு நிலையத்தில் சாயங்காலச் செய்தி முடிந்ததும், மலேயாவிலும் சிங்கப்பூரிலும் சிக்கிய சிப்பாய்களில் யாரைப் பற்றியாவது தகவல் கிடைத்திருந்தால், ஊரும் பேரும் இங்கிலீஷில் வாசிக்கிறார்கள் என்றார். நாளையிலிருந்து வருகிறேன் என்று கௌரியம்மாள் அங்கேயே சொல்லிவிட்டாள்.

அவள் புருஷன் தணிகாசலம் நூல் கிடைக்காமல் தறி படுத்துவிட்ட நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவன். மலேயாவிலிருந்து கடிதம் வந்துகொண்டிருந்தது. சிங்கப்பூர் விழுந்த மாசி மாதத்தோடு அதுவும் நின்றது. இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஆளில்லை. மருமகள் நெற்றியில் வைக்கிற பொட்டைக் கன்னியம்மாள் தினம் காலையில் ஒரு தடவை உற்றுப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்தே கௌரியம்மாள் பொட்டைப் பெரிசாக வைத்துக்கொள்வாள். குழாயில் பேசப் போகிறேன் என்றதும் கிழவி யோசித்தாள். மலேயா சேதி என்றதும் சரி என்றாள். ஆனால் நெசவாளர் தெருக் குழாயைத் தன் வீட்டு வாசலில்தான் கட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். மருமகள் ஊருக்கு என்ன பேசுகிறாள் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா?

முதல் நாளே வந்தது வம்பு. ‘இது திருத்தணி யூனிவர்சிட்டி ரேடியோ’ என்றுதான் ஒவ்வொரு நாளும் தொடங்க வேண்டும். கௌரியம்மாள் மைக் முன்னால் உட்கார்ந்து, “இது நம்மூரு யூனிவர்சிட்டி ரேடியோ” என்றாள். ஊர்ப் பேரைச் சொல்லுங்கள் டீச்சரம்மா என்றார் பக்தவச்சலம். மறுபடியும் நம்மூரு. ஏன் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள். அவள் என்ன செய்வாள்? புருஷன் பேர் வாயில் வரக் கூடாது. அந்தப் பேர் ஒட்டிக்கொண்டிருக்கிற மலையும் வரக் கூடாது, ஊரும் வரக் கூடாது. கல்யாணமான ஆறு வருஷமாக அரக்கோணத்தில் ரயில் டிக்கெட் வாங்கும்போதுகூட ‘மலைக்கோயில் ஊருக்கு ஒண்ணு’ என்றுதான் கேட்பாள். கவுண்டர்காரன் வேண்டுமென்றே எந்த மலை என்பான். அப்படியும் சொல்ல மாட்டாள்.

முன்பெல்லாம் அது வெறும் வழக்கம். தணிகாசலமே அவளைச் சீண்டுவான், எங்கே ஒரு தரம் சொல்லு பார்ப்போம் என்பான். கடிதம் நின்ற பிறகு அது பயமாகிவிட்டது. ஒரு நாள் கௌரியம்மாள் தூக்கத்தில் ஏதோ உளறப்போக, கன்னியம்மாள் அவளை எழுப்பி உட்காரவைத்துச் சொன்னாள்: “அவன் பேரு உன் வாயில வந்தா அவன் ஆயுசு கொறையும். இப்ப அவன் இருக்கிற எடத்துல ஒரு நாளு கொறைஞ்சாலும் தாங்காது.” கிழவி அதை மனசார நம்பினாள். கௌரியம்மாள் படித்தவள்தான். அவளும் நம்பினாள். அவனுக்காகச் செய்ய அவளிடம் வேறென்ன இருந்தது?

ஊர்ப் பேரை இளங்கோவன் சொல்வது, மிச்சத்தை டீச்சர் பேசுவது என்று ஏற்பாடாயிற்று. பக்தவச்சலத்துக்கு விஷயம் பாதிதான் புரிந்தது. புருஷன் பேர் என்ன என்று அவளிடம் கேட்டுப் பயனில்லை, வேறு யாரிடமாவது கேட்க அவருக்குத் தோன்றவும் இல்லை. ஆனால் குழாய்க்கு உயிர் வந்துவிட்டது. மண்ணெண்ணெய் எந்தக் கடையில் எப்போது, ஊசி எங்கே, எந்த ரயில் நின்றுபோனது எல்லாம் டீச்சர் வாயால் தமிழில் ஒரு தரம், தெலுங்கில் ஒரு தரம். மில் ஓனர் ஆறுமுகத்தின் பேரையும் மறக்காமல் சொன்னாள். உலகத்தில் எந்தப் பேரும் அவளுக்குச் சொல்ல வந்தது, அந்த ஒன்றைத் தவிர.

கடைசியில் சிப்பாய்கள் பேர். இதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். இளங்கோவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வடக்கத்தி நிலையத்தைக் கேட்பான். இங்கிலீஷில் விழ விழ அவள் காதோரமாகத் தமிழில் சொல்வான். அவள் அதை அப்படியே மைக்கில் சொல்வாள். எழுதிக்கொள்ள நேரம் கிடையாது. அங்கே வாசிக்கிறவன் யாருக்காகவும் நிற்க மாட்டான், இவர்கள் ஒரு பேரைக் கோட்டைவிட்டால் அது போனதுதான். பஞ்சாபும் நேபாளமுமாகப் போகும் பேர்களுக்கு நடுவே எப்போதாவது நம் பக்கத்து ஊர் வரும். கனகம்மாசத்திரத்துப் பையன் ஒருவன் பேர் வந்த அன்று அவன் அப்பன் மலையடிக் குழாயைக் கும்பிட்டுவிட்டுப் போனான். அதற்கப்புறம் கண்டிகையிலிருந்தெல்லாம் சாயங்காலம் ஆட்கள் நடந்து வர ஆரம்பித்தார்கள். பிரின்சிபால் பொங்கல் கெடுவைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

மார்கழி மாதம், விளக்கு வைக்கிற நேரம். நாலைந்து சிப்பாய்களின் பேர் சொல்லியாகியிருக்கும். இளங்கோவன் காதோரம் சொன்னான்: “சித்தூர் ஜில்லா, திருத்தணி.”

“சித்தூர் ஜில்லா, நம்மூரு” என்றாள் கௌரியம்மாள். இந்த ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் ஏழெட்டுப் பேர் உண்டு.

“துரைக்கண்ணு மகன் தணிகாசலம். உயிரோட இருக்கார், உடம்பு நலம்.”

அதை அவள் மைக்கில் சொல்லவில்லை. இளங்கோவன், காதில் விழவில்லையாக்கும் என்று இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னான். பையனுக்கு என்ன தெரியும்? ஊரில் மூன்று குழாய்களும் ஊமையாக இருந்தன. இவனே சொல்லிவிடட்டும் என்று மைக்கை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, முடியாது என்று தலையை ஆட்டினான். அடுத்த பேர் அவன் காதில் விழுந்துகொண்டிருந்தது. அது எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ. அவன் பேச ஆரம்பித்தால் அது போய்விடும். பக்தவச்சலமோ பேட்டரியைப் பார்க்க மில்லுக்குப் போயிருந்தார்.

சொல்லாமல் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிப்போய் அத்தையிடம் ஜாடையாகச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் நம்மூரு என்று சொல்லியாகிவிட்டது. ஏழெட்டு வீட்டு ஜனம் குழாயடியில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். இத்தனை மாதம் சொல்லாமல் காப்பாற்றி வைத்த உயிர். இப்போது, இருக்கிறான் என்று தெரிந்த இந்த நிமிஷத்தில், சொல்லி எதையாவது கெடுத்துவிட்டால்? பயம் என்றால் அப்படி ஒரு பயம். மைக்கை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டாள்.

“திருத்தணி” என்றாள். “துரைக்கண்ணு மகன் தணிகாசலம். உசுரோட இருக்காரு. உடம்பு நல்லா இருக்குது.”

பிறகு தெலுங்கிலும் சொன்னாள். பேர் எந்தப் பாஷையிலும் அதுவேதான், ஆகையால் இரண்டாம் தரமும் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு அடுத்ததாக வந்த குடியாத்தத்துப் பேரையும் விடாமல் சொன்னாள். குரல் உடைந்துதான் இருந்தது. ஆனால் ஒரு பேரும் போகவில்லை. எல்லாம் முடிந்து அவள் முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதபோதுதான், ஹெட்போனைக் கழற்றிய இளங்கோவனுக்கு அது யார் பேர் என்று உறைத்தது.

வீட்டுக்கு நடந்தாள். கடைத்தெருவில் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி வழிவிட்டார்கள். நெசவாளர் தெருவில் ஒரு தறிச் சத்தமும் இல்லை. எல்லாரும் வாசலில் நின்றார்கள். கன்னியம்மாள் என்ன சொல்வாளோ என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கௌரியம்மாளுக்கும் அந்த யோசனைதான். பிள்ளை இருக்கிறான் என்ற சந்தோஷத்தை, பேரைச் சொல்லிவிட்டாளே என்ற கோபம் தின்றுவிடுமோ என்று பயந்துகொண்டே நடந்தாள்.

கன்னியம்மாள் குழாய் கட்டின மூங்கிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. மருமகளின் நெற்றியைப் பார்த்தாள். அழுததில் பொட்டு கலைந்து மூக்கு வரைக்கும் இழுத்திருந்தது. கையைப் பிடித்து அவளைக் குனியவைத்து, தன் புடவைத் தலைப்பால் அதைத் துடைத்துச் சரிபண்ணினாள்.

“அத்தை, நான் வேணும்னு சொல்லலை…” என்று ஆரம்பித்தாள் கௌரியம்மாள்.

“எனக்குச் சரியா காதுல விழலை” என்றாள் கன்னியம்மாள். குழாய் அவள் தலைக்கு நேர் மேலே இருந்தது. “இன்னொரு தபா சொல்லு.”

கௌரியம்மாள் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொன்னாள்.