செவுள் பாடம்

கருவாடு எப்படிச் சாப்பாடு இல்லாமல் போகும் என்று இன்றைக்கும் என்னைக் கேட்கிறார்கள். கேட்பவர்களுக்கு என்ன, வாய்க்கு வாடகையா? வயிற்றுக்குப் போனால் சாப்பாடு, பள்ளிக்கூடத்துக்குப் போனால் பாடம். அப்படித்தான் நான் நினைத்தேன்.

வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் போட்டிருந்த காலம் அது. எங்கள் ரப்பர் தோட்டத்தில் கூலிக்காரர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டு, ஒரே ஒரு வாசல் வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டில் ஒளிந்திருக்கிறவர்களுக்குப் போய்விடுமாம், அதனால் ஒரு பிடி சோறுகூட வேலியைத் தாண்டக் கூடாது. பள்ளிக்கூடமோ வேலிக்கு வெளியே. கடல் பிராணிகளைப் பற்றிப் பாடம், சிப்பியோ நண்டு ஓடோ ஏதாவது கொண்டுவாருங்கள் என்று தங்கையா வாத்தியார் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார். கடலையே பார்க்காத பிள்ளைகள். என் மகள் ஜெயமணி மட்டும் தலையும் வாலும் உள்ள முழு மீன்தான் வேண்டும் என்று அழுதாள். சுங்கை ரம்பாய் பசாரில் வாங்கிய கருவாட்டை நானே வாழையிலையில் பொதிந்து அவள் பையில் வைத்தேன். பாழாய்ப்போன பொட்டலம், பார்க்கக் கட்டுச்சோறு போலவே இருந்தது.

வாசல் சோதனையில் அகப்பட்டது. புல்வெட்டு வேலைக்குப் போகப் பின்னால் நின்ற என்னை இழுத்து மரத்தடியில் நிறுத்தினார்கள். வெள்ளைக்கார அதிகாரி பேசப் பேச, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அப்புசாமி தமிழில் சொன்னார்.

"காட்டுக்காரனுக்குச் சாப்பாடு அனுப்புறியாம் இருசம்மா. ஜெயிலுங்கிறாரு. நாடு கடத்தி ஊருக்குக் கப்பலேத்தினாலும் ஏத்திருவாங்க."

"புள்ளையோட பாடத்துக்குங்க."

"இதயெல்லாம் நம்ப மாட்டாங்க லா."

புருஷன் செத்து வருஷம் திரும்பவில்லை. என்னையும் கொண்டுபோனால் இவளுக்கு யார்? மனதுக்குள் வாத்தியாரைத் திட்டித் தீர்த்தேன். மீனைப் படித்து எந்தக் கோட்டையைப் பிடிக்கப்போகிறார்கள்!

யாரோ சொல்லி வாத்தியார் ஓடிவந்தார். "முழு மீனு கொண்டாரச் சொன்னது நான்தாங்க," என்றார். பொய். அவர் அப்படிக் கேட்கவே இல்லை.

பாடம் என்றால் நடத்திக் காட்டு என்றார் அதிகாரி. வாத்தியார் பிள்ளைகளைச் செம்மண்ணிலேயே உட்காரவைத்து, கருவாட்டை உள்ளங்கையில் ஏந்தினார்.

"ஜெயமணி, இங்க வா. கண்ணுக்குப் பின்னால மூடி மாதிரி இருக்கே, தூக்கிப் பாரு."

விரல் நுனியால் தூக்கினாள்.

"அதுக்குள்ள இருக்கிறது செவுள். தண்ணியில மீனு அதாலதான் மூச்சு விடும்."

"வெளியதான் காத்து நெறைய இருக்கு. அப்புறம் ஏன் சார் வெளிய எடுத்தா செத்துப்போவுது?"

"தண்ணி இல்லாட்டி செவுளு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். காத்து இருந்தும் இழுக்க முடியாது. நல்லாக் கேட்டம்மா."

வாத்தியாருக்கு எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துவிட்டது. என் மகள் முகத்திலும் பயம் இல்லை. இவள் இப்படியெல்லாம் கேட்பாள் என்று பெற்ற எனக்கே தெரியாது.

அதிகாரி கடைசிவரை நின்று பார்த்தார். பிறகு கிராணியிடம் ஏதோ சொன்னார்.

"ஒன்ன விட்டாச்சு," என்றார் அப்புசாமி. வாத்தியார் முகத்தை அவர் பார்க்கவில்லை. "பாடந்தான்னு நம்பிட்டாரு. வேலிக்கு வெளிய சாப்பாட்டுச் சாமான் கொண்டாரச் சொன்னது வாத்தியாருங்கிறதையும் நம்பிட்டாரு."

வாத்தியாரை லோரியில் ஏற்றினார்கள். "வேலைக்கு நேரமாச்சு, போங்கம்மா," என்றார் என்னிடம். நான் கும்பிடக்கூட இல்லை, கை வரவில்லை.

அவர் திரும்பவே இல்லை. கப்பலேற்றிவிட்டதாகச் சொன்னார்கள். வேறு வாத்தியார் வரவில்லை, பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். ஜெயமணி என்னோடு புல்வெட்ட வந்துவிட்டாள். மண்ணைப் பார்த்தே வெட்டுவாள், எதையும் கேட்பதில்லை.

அன்றைக்கு என்னை ஏற்றியிருந்தால் இவள் அநாதையாகியிருப்பாள், தெரியும். ஆனாலும் படித்திருப்பாள்.