சேனை வைக்கும் விரல்

மரியசூசை மூக்குப்பொடி மட்டையை மடித்து மடியில் செருகினார். இழுத்த பொடியில் பாதி மீசையில் நின்றது. இரண்டு முறை தும்மினார். ஆட்காட்டி விரலால் மூக்கைத் துடைத்து, விரலை வேட்டியில் தேய்த்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்த சகாயராணி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்துக்கடியில் அவருடைய மலையூர் பூம்பாறையின் மண் கறுப்பாக இருந்தது. பூண்டு எடுக்கும் காலம். பினாயில் வாடையை மீறி அறையில் பூண்டு நாறியது.

அவர் அவள் கணவன் ஆரோக்கியதாஸின் பெரியப்பா. குடும்பத்தில் எந்தக் குழந்தை பிறந்தாலும் சேனை வைப்பது அவர்தான். சீனித்தண்ணீரில் விரலைத் தோய்த்துக் குழந்தையின் நாக்கில் தடவுவார். இந்த வயதிலும் கண்ணாடி இல்லாமல் செபப்புத்தகம் வாசிப்பவர், ஓர் ஊசிகூடப் போட்டுக்கொள்ளாதவர். அந்த ஆயுசு குழந்தைக்கு இறங்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். எழுபத்தெட்டாம் வருடம் பிறந்த சகாயராணியின் முதல் பெண்ணுக்கும் அவர்தான் வைத்தார். மறுநாளே பச்சையாகப் பேதி. ஞானஸ்நானத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையிலேயே புதைத்தார்கள். ஆண்டவர் எடுத்துக்கொண்டார் என்று முதலில் சொன்னவரும் அவர்தான்.

இப்போது அவள் அணைப்பில் கிடந்த இவன் மாதம் முந்திப் பிறந்தவன். தாய்ப்பாலைத் தவிர வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, இந்த உடம்பு தாங்காது என்று நர்ஸ் காலையில்தான் சொல்லியிருந்தாள்.

“பஸ்ஸுல ஒரு புள்ள நெடுக வாந்தி,” என்றார் மரியசூசை. “பெத்தவ மயங்கிக் கெடக்கா. நான்தான் வாயத் தொடச்சு, மடியில வச்சுக் கூட்டியாந்தேன். பாவம்.”

பெருமைக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே இரக்கப்பட்டார். அவள் பார்வை மறுபடி அந்த விரலுக்குப் போனது.

“கையக் கழுவுனீங்களா மாமா?”

“இந்த மலைக் குளிர்த் தண்ணியிலயா? தொட்டா விரலு வெரச்சுப் போகும் தாயி.” சிரித்தார். “என் கையில என்ன நஞ்சா இருக்கு?”

ஆரோக்கியதாஸ் மருந்துப் புட்டியின் மூடியில் சீனியைக் கரைத்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட விடுதியில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் பரிமாறுகிறவன் அவன். அங்கே தட்டின் உள்பக்கம் கட்டைவிரல் பட்டுவிட்டால் சோற்றைக் கொட்டி வேறு தட்டு வைக்க வேண்டும்.

“ஏங்க, சிஸ்டர் சொன்னது காதுல விழுந்துச்சுல்ல?”

“பெரியவரு வெள்ளனே கெளம்பி வந்திருக்காரு. சும்மா அனுப்பச் சொல்றியா?”

அவள் சத்தம் போட்டு நர்ஸைக் கூப்பிட்டாள். காலையில் சொன்ன அதே நர்ஸ், புஷ்பமேரி, உள்ளே வந்தாள். மூடியைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. பிறகு மரியசூசையைப் பார்த்தாள்.

“தாத்தாவா! தோத்திரம் தாத்தா. எனக்கே நீங்கதான் சேனை வச்சீங்களாம். அம்மா சொல்லும்.”

“அட, நீ நம்ம உபகாரத்தோட மகளா? மூக்கொழுகிட்டுத் திரிஞ்ச கழுத, இன்னைக்கு ஊருக்கே ஊசி போடுது பாரு!”

புஷ்பமேரி வாயைப் பொத்திச் சிரித்தாள். “வெரசா முடிச்சிருங்க. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துருவாரு.” வெளியே போய்க் கதவையும் சாத்தினாள்.

சகாயராணி குழந்தையை இன்னும் நெருக்கி அணைத்துக்கொண்டாள்.

“போன தடவையும் நீங்கதான வச்சீங்க மாமா.”

கிழவரின் முகம் தொய்ந்தது. ஆரோக்கியதாஸ் மூடியை அவரிடம் நீட்டினான்.

“அதுக்குத்தான் தாயி, இந்தத் தடவ ராப்பகலா செபம் பண்ணிட்டு வந்திருக்கேன்.”

விரலைத் தோய்த்தார். மூடித் தண்ணீர் கலங்கியது. அவளுடைய இடது கையைக் குளுக்கோஸ் ஊசியோடு பலகையில் வைத்துக் கட்டியிருந்தார்கள். வலது கை குழந்தையின் கழுத்துக்கடியில் இருந்தது. புரள முயன்றாள். ஆரோக்கியதாஸ் அவள் தோளை அமுக்கினான். “அசையாத, ஊசி பிடுங்கிரும்.” விரல் சொட்டிக்கொண்டே இறங்கியது. கன்னத்தில் ஈரம் பட்டதும் குழந்தை முலை என்று நினைத்து வாயைத் திறந்தது.

அவள் கழுத்தை எக்கி அந்த விரலைத் தன் வாயில் வாங்கிக்கொண்டாள்.

முதலில் இனிப்பு. அப்புறம் பொடியின் எரிச்சல், பூண்டு, மண். எல்லாவற்றுக்கும் பின்னால் புளித்த ஏதோ ஒன்று. “ஏய்” என்றான் ஆரோக்கியதாஸ். கையை இழுக்க மரியசூசைக்குத் தோன்றவில்லை. அவள் பல்லை அழுத்தவில்லை. விடவும் இல்லை. கீழே குழந்தை வெறும் வாயைத் திறந்து திறந்து மூடியது. நாக்கில் பால் மட்டும் வெள்ளையாகப் படிந்திருந்தது.