கன்ட்ரோல் ரூம் அக்கா

எங்கள் ரோந்துக் காரில் லேப்டாப் வைத்த புதிதில் அது உருப்படியாக வேலை செய்ததே இல்லை. ஒரு வண்டி எண்ணைத் தட்டினால் திரையில் வட்டம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். பாலத்தடியில் அதுவும் செத்துவிடும். தலையில் அடித்துக்கொண்டு வயர்லெஸ்ஸை எடுத்துக் கன்ட்ரோல் ரூம் அக்காவைக் கேட்போம். வண்டி யாருடையது என்று சொல்லிவிட்டு, "சாப்பிட்டாச்சா தம்பி?" என்பார். அவர் முகத்தை நாங்கள் யாருமே பார்த்ததில்லை.

பிறகு கார் கூரையில் புது ஆன்டெனா வந்தது. பாழாய்ப்போன லேப்டாப் பாலத்தடியிலும் பதில் சொன்னது. சாப்பிட்டாயா என்று மட்டும் அது கேட்கவில்லை. ஓயாமல் பேசிய வயர்லெஸ் ஊமையாகிப்போனது.

அக்கா ஓய்வுபெறும் நாளன்று, எங்கள் டிரைவர் ஆன்டெனா வயரைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டார்.

"நெட் போச்சு சார். அக்காவையே கேளுங்க."

முன்னால் போன வண்டியின் எண்ணைச் சொன்னேன்.

"உனக்கும் போச்சா?" என்றார் அக்கா. பெயரைத் தேடிச் சொன்னார்.

"நீங்க சாப்பிட்டீங்களாக்கா?" என்று இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன்.

"எங்கேப்பா விட்டீங்க? காலையிலேருந்து ஒரு வண்டியிலயும் நெட் இல்லையாமே!"