இரண்டு சாண் தள்ளி

“இரும்புக்கு உள்ள அடிபட்டா அது யார்கிட்டப்பா சொல்லும்?” என்று ஒருமுறை என் மகள் சில்வியா கேட்டாள். என்னிடம்தான் என்றேன். அதுதான் என் வேலை. திருவொற்றியூர் யார்டில் கிரேனின் காலில் முடியளவு மெல்லிய கண்ணாடி இழையை ஒட்டியிருக்கிறோம். காதுக்குக் கேட்காத ஒலியை இரும்புக்குள் அனுப்பினால், விரிசல் இருப்பதை அந்த இழைக்குள் ஓடும் ஒளி காட்டிவிடும்.

போன மாதம் தெரிந்த சிறு விரிசல் இந்த மாதம் தெரியவில்லை. தானாக ஆறிவிட இரும்பு என்ன தோலா? ஏறிப் பார்த்தேன். யாரோ இழையைப் பெயர்த்து, இரண்டு சாண் தள்ளி நல்ல இரும்பில் ஒட்டியிருந்தார்கள். இழை ஒட்டும் அந்தப் பசை என்னையும் என்கூட வேலை செய்யும் ஜெயவேலையும் தவிர வேறு யாரிடமும் கிடையாது. மாதாவே என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“நீயா மாமு?” என்று ஜெயவேலிடம் போய்க் கேட்டேன்.

“கிரேன் நின்னா பசங்க கூலி இல்லாம சும்மா குந்திகினு இருப்பானுங்க நைனா. ரெண்டு கப்பல் போவட்டும்னு பாத்தேன்.”

“மேல குந்திகினு ஓட்றது நம்ம பாஸ்கல்டா! நல்லா கீதுன்னு என் கையாலயே எழுத வெக்கப் பாத்தியே!”

கிரேனை நிறுத்தி, பாஸ்கலை இறக்கினேன்.

அறிக்கையில் இழையை நகர்த்தியவர் பெயரை எழுத வேண்டும். வேலைக்கு வந்த புதிதில் நான் ஓர் இழையை மிதித்து உடைத்து, மறைத்துவிட்டேன். அதைப் பார்த்த ஜெயவேல், நானே போய்ச் சொல்லட்டும் என்று சாயங்காலம்வரை வாய் திறக்கவில்லை. கடைசியில் நானே போய்ச் சொன்னேன்.

எல்லோரும் சாப்பிடப் போனதும், பெயர் எழுத வேண்டிய அந்த ஒரு வரியை மட்டும் காலியாக விட்டு, தாளை அவன் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.