வீட்டில் மைக் கிடையாது

"நாளைக்குன்னு சொன்னேன். நாளைக்கு. என் மூஞ்சியப் பாருங்க. நா… ளை… க்கு."

"…"

"யாரும் சாகலைங்க. அடுப்பு ரிப்பேர் பண்றவன் நாளைக்கு வரான், அதைத்தான் சொல்றேன். அதுக்கு எதுக்கு சட்டைய மாட்டுறீங்க?"

காய்கறிப் பையோடு படியேறிக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் நடுப்படியில் நின்றுவிட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் எப்போதும் போல ஒரே குரல். பொம்பளைக் குரல். ஆம்பளை வாயைத் திறந்த மாதிரியே தெரியவில்லை. "பாவம் அந்த மனுஷன்," என்று தலையை ஆட்டிக்கொண்டே தன் வீட்டுக்குள் போனார். சுவர் மெல்லிசு. அவர் சொன்னது இந்தப் பக்கம் நன்றாகவே கேட்டது. கேட்க வேண்டியவருக்குக் கேட்கவில்லை, கேட்கக் கூடாதவளுக்குக் கேட்டது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கட்டிடத்தில் அவளுக்கு வைத்த பெயர் 'சண்டைக்காரி'. புருஷனுக்கு வைத்த பெயர் 'தங்கமான மனுஷன்'. மரமறுக்கும் மில்லில் ரம்பத்துக்குப் பக்கத்திலேயே பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். காது போய்விட்டது. குரல் மட்டும் பிறவியிலேயே பூனைக்குட்டி மாதிரி. வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாத ஆள் என்று ஊரே சொல்லும். காதுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்தாயிற்று. "தலைக்குள்ள வண்டு ஓடுது, எனக்கு ஒத்துக்கல," என்று ஒரே வாரத்தில் கழற்றி வைத்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் டீ வேணுமா என்று கேட்பதும் கத்தல்தான், தலைவலிக்குது என்று சொல்வதும் கத்தல்தான்.

இதில் வேடிக்கை, அவள் சாப்பிடுவதே குரலை வைத்துத்தான். பஸ் நிலையத்தில் அறிவிப்பு சொல்பவள். கண்ணாடி அறை, ஒரு மேஜை, ஒரு மைக். பொத்தானை அழுத்தினால் டிங் டாங் என்று மணியடிக்கும், சிவப்பு விளக்கு எரியும், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேச வேண்டும். டிரைவர், கண்டக்டர், கடைக்காரர் எல்லாருக்கும் அவள் 'மைக்கக்கா'. அவள் குரலைக் கேட்டு பஸ்ஸைத் தவறவிட்டவன் கிடையாது என்று அவளுக்கு ஒரு பெருமை.

அந்தக் குரல்தான் உடைய ஆரம்பித்தது. 'நடைமேடை' என்று ஆரம்பித்தால் 'மேடை' வருவதற்குள் காற்றுதான் வரும். "என்னக்கா, காலைல தவளைய முழுங்கிட்டீங்களா?" என்று ஒரு டிரைவர் கண்ணாடியைத் தட்டிக் கேட்டான். அவள் சிரித்து வைத்தாள். மேனேஜர் சிரிக்கவில்லை.

"தகரத்தை தரையில இழுக்கிற மாதிரி இருக்கும்மா. புகார் வருது. மாசக் கடைசியில நானே கடைசி நடைமேடையில நின்னு கேப்பேன். சரியா இல்லன்னா நீங்க பார்சல் கவுன்ட்டருக்குப் போயிடுங்க. மைக்குக்குப் பதிவு பண்ண குரலப் போட்டுக்கலாம்."

"இத்தனை வருஷம் பேசின தொண்டை சார்."

"அதான் தேஞ்சு போச்சு," என்றார் அவர், ஏதோ டயரைப் பற்றிச் சொல்வது போல.

டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். புண்ணாகத் தடித்திருக்கிறது, குரலை உபயோகிக்கும் விதத்தை மாற்றுங்கள் என்றார். உடம்பையும் குரலையும் பழக்கும் வகுப்பு ஒன்றின் முகவரியைக் கொடுத்தார்.

மரச்சாமான் கடைக்கு மேலே ஒரு நீள அறை. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. நாடகத்தில் நடிக்கிறவர்கள், கச்சேரியில் பாடுகிற ஒருவர், கழுத்து வலியோடு ஒரு பல் டாக்டர். சொல்லிக் கொடுத்தவள் மைக்கக்காவை விட வயதில் சின்னவள். வாயைத் திறந்தால் கழுத்து, கழுத்து என்பாள். அதனால் எல்லாரும் அவளைக் 'கழுத்து டீச்சர்' என்றார்கள், அவள் எதிரிலேயே.

முதல் நாள் முழுவதும் நாற்காலியில் உட்காரவும் எழுந்திருக்கவும் சொன்னாள் கழுத்து டீச்சர். அவ்வளவுதான்.

மைக்கக்காவுக்கு மண்டை காய்ந்தது. "நான் குரலுக்கு வந்தவம்மா. உக்காந்து எழுந்திரிக்க எனக்கு எங்க அம்மாவே சொல்லிக் குடுத்துட்டாங்க."

"சரிக்கா. எழுந்திரிங்க." டீச்சர் அவள் பிடரியில் விரலை லேசாக வைத்தாள். "நில்லுங்க, இன்னும் எழுந்திரிக்கல நீங்க. எழுந்திரிக்கணும்னு நெனச்சதுக்கே கழுத்து கல்லாயிடுச்சு பாருங்க. பேசும்போதும் இதே கதைதான். சத்தம் தொண்டையில வர்றதுக்கு முன்னாடியே உடம்பு குஸ்திக்குத் தயாராயிடுது."

"அப்ப என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணாதீங்க. பேசத் தோணினதும் ஒரு மூச்சு நில்லுங்க. பாதம் தரையில இருக்கான்னு பாருங்க. பல்லக் கடிச்சிருந்தா விடுங்க. கழுத்த விடுங்க, தலை தானா மேல போகும். அப்புறமா பேசுங்க."

"ஒரு மூச்சு நின்னா பஸ் போயிடும் டீச்சர்."

பாட்டுக்காரர் சிரித்துவிட்டார். ஆனாலும் அவள் போனாள், விடாமல் போனாள். மேனேஜர் மேல் இருந்த ஆத்திரம்தான் அவளைப் படியேற வைத்தது. கண்ணாடி அறையில் பொத்தானை அழுத்துமுன் ஒரு மூச்சு நின்று பார்த்தாள். பஸ் போகவில்லை. காலையில் குரல் சுமாராக வந்தது. ஆனால் ராத்திரி வீட்டில் இருந்துவிட்டு மறுநாள் போனால் மறுபடி தகரம். பகலில் கட்டியதை யாரோ ராத்திரியில் இடிப்பது போல.

ஒருநாள் டீச்சர் சொன்னாள், "இன்னைக்கு மேடைப் பேச்சு வேணாம். வீட்டுல தினமும் சொல்ற ஒரு வாக்கியத்தை, யார்கிட்ட சொல்வீங்களோ அவங்க எதிர்ல இருக்கிற மாதிரி, கண்ணாடியப் பார்த்து சொல்லுங்க."

நாடகக்காரர், "கதவ சாத்துடா," என்றார். பல் டாக்டர், "சாவிய எங்க வெச்சே?" என்றார். மைக்கக்காவின் முறை வந்தது. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"டீ வேணுமா?"

பல் டாக்டர் ஒரு அடி பின்னால் போனார். ஜன்னலில் இருந்த புறா பறந்தது. அதெல்லாம் அவள் கவனிக்கவில்லை. அவள் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தாடை முன்னால் நீண்டு, தோள் காது வரை ஏறி, கழுத்து நரம்பு விரல் கனத்துக்குப் புடைத்து, கண் பிதுங்கி நின்றது ஒரு உருவம். கட்டிடத்துக்காரர்கள் சொல்லும் சண்டைக்காரி. இவள்தானா அவள்?

டீச்சர் மெதுவாகக் கேட்டாள். "மைக்குல இப்படியாக்கா பேசுவீங்க?"

"இல்ல. மைக்குல எதுக்குக் கத்தணும்?"

"அப்ப இது யாருக்கு?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். வழியெல்லாம் நெஞ்சு கொதித்தது. அவர் காது கேட்காதது அவர் குற்றமில்லை, அது அவளுக்கும் தெரியும். ஆனால் அந்தக் காதுக்கு வாடகையை அவள் தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது. மிஷின் ஒத்துக்கொள்ளவில்லையாம். அவள் தொண்டைக்கு மட்டும் கத்தல் ஒத்துக்கொண்டதா? யாராவது கேட்டார்களா?

அன்று மாலை அவர் எதிரில் போய் நின்றாள். ஒரு மூச்சு நின்றாள். பாதம் தரையில். கடித்திருந்த பல்லை விட்டாள். "டீ வேணுமா?" என்று மனுஷர் மனுஷரிடம் கேட்கிற குரலில் கேட்டாள்.

"என்ன முணுமுணுக்கிறே?"

"காதுக்கு மிஷினப் போட்டுக்கோங்க," என்று சொல்லிக் காதைத் தொட்டுக் காட்டினாள். அவர் கையை வீசி மறுத்துவிட்டு டிவிப் பக்கம் திரும்பினார். அவள் தனக்கு மட்டும் டீ போட்டுக் குடித்தாள்.

அதிலிருந்து அதுதான் சட்டம். எதையும் எதிரில் நின்று, முகம் பார்த்து, சாதாரணக் குரலில் சொல்வாள். கேட்டால் கேட்கட்டும். முன்பு கத்துகிறாள் என்று முகம் சுளித்த கட்டிடம் இப்போது வீட்டில் சத்தமே இல்லையே என்று கவலைப்பட்டது. "என்ன, ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லையா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். ஆனால் காலையில் குரல் உடையாமல் வந்தது. அது போதும் என்று இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்கா வந்து இறங்கினாள். தம்பி போய் அழுதிருக்கிறார்.

"ஏம்மா, கட்டின புருஷன்கிட்ட வாரக்கணக்கா பேச மாட்டேங்கிறியாமே. அவன் என்ன பாவம் பண்ணான்?"

"பேசிக்கிட்டுதான் இருக்கேன் அண்ணி. அவருக்குக் கேக்கல."

"கேக்கலயா? நல்லா இருக்கே கதை. எங்க வீட்டுக்கு வந்தா நான் அடுப்படியில இருந்து பேசுறதுக்குக் கூடத்துல இருந்து பதில் சொல்றான். போன வாரம் எங்க வீட்டுக்காரர் சொன்ன ஜோக்குக்கு முதல்ல சிரிச்சதே இவன்தான்."

மைக்கக்கா திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் சிரித்த முகமாய்த் தலையாட்டிக்கொண்டிருந்தார், எதுவும் புரியாமல் எல்லாவற்றுக்கும் ஆட்டும் ஆட்டம். அவர் சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடிக் கூடு. பெரிய கூடு. அந்தக் கண்ணாடியை அவர் கையில்தான் வைத்திருந்தார்.

அவள் கூட்டை உருவித் திறந்தாள். உள்ளே, துணியில் சுற்றி, மிஷின். பேட்டரி புதுசு.

கழுத்து இறுகியது. தாடை கிளம்பியது. அந்த இடத்தில் ஒரு கத்து கத்தியிருந்தால் மூன்று மாடியும் இறங்கி வந்திருக்கும். அவள் நின்றாள், ஒரு மூச்சு இல்லை, நாலைந்து மூச்சு. பிறகு மிஷினை அவர் கையில் வைத்தாள். அக்கா பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் போட்டுக்கொண்டார். பழகிய கை, தடவாமல் தானாகப் பொருத்தியது.

"வெளிய போட்டுக்குவீங்களா?"

"டீக்கடைல… நாலு பேர் கேலி பண்றாங்க, என்ன என்னன்னு கேட்டுக்கிட்டே இருந்தா."

"அக்கா வீட்டுல?"

"அத்தான் முன்னாடி எப்படி…"

"நம்ம வீட்டுல மட்டும் ஏன் கழட்டுறீங்க?"

அவர் குரல் இன்னும் சின்னதானது. "நாள் முழுக்க அது இரையுது. வீட்டுலயாவது காதுக்கு ஓய்வு இருக்கட்டும்னுதான். நீதான் சத்தமா சொல்றியே. உன் சத்தம் கேக்குது. அப்புறம் எதுக்குன்னு…"

"அப்ப நான்தான் உங்க வீட்டு மிஷின்," என்றாள் அவள். கத்தவில்லை. "அதுக்குப் பேட்டரி யாருங்க மாத்துறது? என் தொண்டை புண்ணுன்னு டாக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியும். டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டை நீங்கதான் வாங்கி மடிச்சு வெச்சீங்க. ஊரெல்லாம் என்ன சண்டைக்காரிங்குது. மைக்கப் பிடுங்கப் போறாங்க. உங்க காதுக்கு ஓய்வு."

நாத்தனார் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கிளம்பும்போது தம்பியிடம் ஒரே ஒரு வார்த்தை, "வெக்கமா இல்ல?" அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் போட்டுக்கொண்டார். பிறகு வலி என்றார், காதில் வேர்க்கிறது என்றார். வீட்டுக்குள் வந்ததும் மறுபடி கூட்டுக்குள் போனது மிஷின். அவள் சண்டை போடவில்லை. சட்டத்தையும் மாற்றவில்லை.

மாசக் கடைசியில் மேனேஜர் சொன்னபடி கடைசி நடைமேடையில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கண்ணாடி வழியாக அவரைப் பார்த்ததுமே அவளுக்குக் கோபம் பிடரியில் ஏறியது. டயராம், தேய்ந்துவிட்டதாம். மின்விசிறியை நிறுத்தினாள். கோபம் இருந்துவிட்டுப் போகட்டும், கழுத்தை மட்டும் விட்டாள். மணி அடித்தது, சிவப்பு விளக்கு எரிந்தது. "பயணிகளின் கவனத்திற்கு," என்றாள். நிலையம் முழுக்கக் குரல் போய்த் தரையில் தண்ணீர் பரவுவது போலப் பரவியது. தவளை டிரைவர் ஸ்டியரிங்கை விட்டுக் கையைத் தூக்கிக் காட்டினான். மேனேஜர் திரும்பி வந்து, "இருங்க, நீங்களே இருங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குப் பறந்து வந்தாள். முதலில் அவரிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அத்தனை கோபத்திலும். அவர் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரில் நின்று, முகம் பார்த்து, ஒரு மூச்சு நின்று சொன்னாள். "மைக் என்கிட்டயே இருக்கு. பார்சலுக்குப் போக வேணாம்னுட்டாங்க."

அவர் நிமிர்ந்து பார்த்து, "போதும், வயிறு நிறைஞ்சிடுச்சு," என்றார்.

அவள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் படிக்கட்டில், பஸ் நிலையத்தில் சேதி கேள்விப்பட்டு வந்த எதிர்வீட்டுக்காரர் அவரைக் கட்டிப் பிடித்து வாழ்த்துச் சொல்லியிருக்கிறார். மிஷின் காதில் இருந்ததால் கேட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்தபோது முகம் செத்திருந்தது.

"ஊருக்கே தெரிஞ்சிருக்கு. எனக்குச் சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னேன். நீங்க சாப்பிடும்போது."

"எனக்குக் கேக்கலன்னு தெரியும்ல. இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம்ல?"

அவர் கண் கலங்கியதை அவள் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதைப் பார்த்ததில்லை. அப்படியும் அவள் கோபம் இறங்கவில்லை. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் போன் போட்டு, "ரொம்பப் பண்றேம்மா, நல்ல விஷயத்தையாவது கத்திச் சொல்லக் கூடாதா?" என்றாள். கழுத்து டீச்சரோ, "அதை நான் சொல்ல முடியாதுக்கா," என்று ஒதுங்கிக்கொண்டாள். அவர் அன்றிலிருந்து மிஷினோடுதான் வீட்டுக்குள் இருக்கிறார், ஆனால் பேசுவதில்லை. அவள் கேட்பதற்கு ஆம், இல்லை என்று தலையை மட்டும் ஆட்டுகிறார்.

படித்த நீங்கள் சொல்லுங்கள். அந்தச் சேதியை அவள் இரண்டாவது தடவை, கத்தியாவது சொல்லியிருக்க வேண்டுமா? உங்கள் வீட்டிலும் காதோ தொண்டையோ இப்படித் தேய்ந்துகொண்டிருந்தால், யார் விட்டுக்கொடுத்தீர்கள் என்பதையும் கீழே எழுதுங்கள். ஒரு வரியானாலும் போதும், எழுதுங்கள்.