பேக்கப் பெட்டியும் சாமி விளக்கும்

ஜாசின் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் டாக்டர் நிரஞ்சனியின் கிளினிக்குக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் ஷங்கர் வருவான். எதுவும் கெடாதபோதே கம்ப்யூட்டரைப் பிரித்துப் பார்ப்பான். நல்லாயிருக்கிற ஆளுக்கு எதற்கு ஊசி என்று கவுண்டரில் இருக்கும் புனிதா நினைப்பாள்.

அன்று திங்கட்கிழமை, காலையிலேயே கூட்டம். ஷங்கர் கம்ப்யூட்டரைத் திறந்து காதை வைத்துக் கேட்டான். முகம் மாறியது.

"அக்கா, இந்த ஹார்ட் டிஸ்க் போகப் போகுது. இன்னிக்கோ நாளைக்கோ. பரவால்ல, பேக்கப் பெட்டி இருக்குல்ல?"

கம்ப்யூட்டரில் உள்ளதையெல்லாம் இரவில் நகலெடுக்க, போன தடவை ஷங்கர் புதிதாக வைத்த பேக்கப் பெட்டி மேசைக்கடியில்தான் இருந்தது. அதன் பிளக் செருகும் இடத்தில் சாமி படத்தின் சிவப்பு விளக்கு எரிந்தது. சும்மா கிடக்கிற பெட்டிக்கு எதற்குக் கரண்ட் என்று, அவன் வைத்த அன்றே, தைப்பூசத்துக்கு முதல் நாள், புனிதாதான் மாற்றிவிட்டாள்; அதில் ஒரு நகல்கூட ஏறவில்லை.

நோயாளிகளின் பதினோரு வருடத்து விவரங்கள், சாகப் போகிற ஒரே டிஸ்கில். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவளை நம்பி இந்த நாற்காலியைக் கொடுத்தவர் டாக்டர். ஷங்கர் விளக்கைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவளே எழுந்து டாக்டரின் அறைக்குள் போனாள்; ஷங்கரும் பின்னால் போனான்.

"டாக்டர், பேக்கப் பிளக்கைப் பிடுங்கினது நான்தான். சாமி விளக்குக்கு."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சொன்னியே, அதுவே பெரிசு பிள்ளை. ஷங்கர், டிஸ்கில இருக்கிறதை இப்ப கொப்பி எடுக்க ஏலுமா?"

"என்கிட்ட புது டிஸ்க் இருக்கு. நாலு மணி நேரம் ஆகும், டாக்டர். நடுவுல நின்னா அவ்வளவுதான். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது."

அதனால் புனிதா எல்லாவற்றையும் கையால் எழுதினாள். சுங்கை ஊடாங் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வடிவேலு இருமிக்கொண்டே வந்து நின்றார்.

"என்னாம்மா, கம்ப்யூட்டர் லீவா?"

"அதுக்கும் ஒடம்பு சரியில்ல, அங்கிள். உங்களுக்கு ஒத்துக்காத மருந்து ஏதாச்சும் இருக்கா?"

"இருக்குலா. ஒருவாட்டி மூஞ்சி வீங்கி மூச்சே அடைச்சிருச்சு. பேரு எனக்கெங்க தெரியும்? அந்தப் பெட்டிக்குத்தான் தெரியும்."

புனிதாவின் பேனா நின்றது. டாக்டரும் அவரைக் காத்திருக்கச் சொன்னார்.

திரையில் எண் ஊர்ந்தது. நாற்பது சதவீதம். அறுபது. ஷங்கர் சாப்பிடப் போகாமல், மேசை விசிறியை டிஸ்க் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றான். தொண்ணூற்றொன்றில் டிஸ்க் டக் டக்கென்று அடித்துக்கொண்டது. சாமியைக் கூப்பிடவும் புனிதாவுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு நூறு.

புது டிஸ்கில் வடிவேலுவின் பக்கம் சிவப்பு எழுத்தோடு திறந்தது: பென்சிலின் கூடாது. ஷங்கர் பழைய டிஸ்கை இன்னொரு தடவை மாட்டிப் பார்த்தான். அது எழவே இல்லை.

புனிதா சூடாக மைலோ கலந்து, இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினாள். "நல்ல நேரத்துல வந்தீங்க தம்பி. ரொம்ப நன்றி."

"நான் வர்ற நாளுக்குத்தான் வந்தேன், அக்கா."

வேறு மருந்து வாங்கிக்கொண்டு புறப்பட்ட வடிவேலு திரும்பி வந்தார். "அந்தப் பேரை ஒரு காகிதத்துல எழுதிக் குடும்மா. என் பர்சுலயும் ஒண்ணு கெடக்கட்டும்."

புனிதா பெரிய எழுத்தில் இரண்டு காகிதத்தில் எழுதினாள். மற்றொன்றை வீட்டு ஐஸ்பெட்டியில் ஒட்டச் சொன்னாள்.